அம்ரிதா ஷேர்-கில் வரைந்தது நம்மையா, தன் மனதில் இருந்த சோகத்தையா?

கோட்டை_அகழி:
வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் அம்ரிதா ஷேர்-கில் பற்றி நான் பேச வேண்டும். போன கூட்டத்தில் பெயரைச் சொன்னதுமே சண்டை வந்துவிட்டது. "தென்னிந்திய ஏழை மக்களை முதன்முதலில் மரியாதையாக வரைந்தவர்" என்றார் ஒருவர். "பங்களாவில் உட்கார்ந்து ஏழைகளை அழகு பார்த்தவர்" என்றார் இன்னொருவர். இரண்டு பேருமே காட்டியது ஒரே படத்தை: 1937-ல் வரைந்த, சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1913 ஜனவரி 30, புடாபெஸ்டில் பிறப்பு. அப்பா உம்ராவ் சிங், பஞ்சாபின் மஜீதியா குடும்பத்துச் சீக்கியர், சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்தவர், புகைப்படப் பித்தர். அம்மா ஹங்கேரிய யூதர், ஆப்ரா பாடகி. 1921-ல் சிம்லாவுக்கு வந்தார்கள். 1929-ல் ஓவியம் படிக்கப் பாரிஸ், 1934 கடைசியில் திரும்பி வந்தார். 1936-37-ல் தெற்கே ஒரு நீண்ட பயணம். 1941 டிசம்பர் 5-ல் லாகூரில் இறந்தபோது வயது 28. கையில் இருந்த காலம் அவ்வளவுதான்.

என் கேள்வி ஒன்றே. அந்தப் படத்தில் இருப்பது நாமா?

பொய்கைச்சந்தை:
நாம் இல்லை, தலைவா. நான் செவ்வாய்க்கிழமை தோறும் பொய்கை மாட்டுச்சந்தையில் நிற்கிறவன். சந்தைக்குப் போகிறவன் முகம் அப்படி இருக்காது. கடன் கழுத்தை நெரித்தாலும், வீட்டில் சாவே விழுந்திருந்தாலும், சந்தை வாசலில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுகிறவன் கண்ணைப் பாருங்கள், அதில் ஆயிரம் கணக்கு ஓடும். இந்த அம்மா வரைந்த ஆட்களுக்குப் போகும் இடமும் தெரியவில்லை, விற்கப் போகும் பொருள் மேல் அக்கறையும் இல்லை. எல்லோரும் ஏதோ கும்பாபிஷேகத்தில் கூட்டம் நகரக் காத்திருப்பது போல நிற்கிறார்கள்.

படம் அழகு. அதை மறுக்கவில்லை.

ஓவிய_வாத்தியார்:
தம்பி சொல்வதில் பாதி சரி. மீதிக்கு ஒரு தொழில்முறைக் காரணம் இருக்கிறது. நான் ட்ராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன், அந்தக் கோணத்திலிருந்து சொல்கிறேன்.

அம்ரிதா கற்ற விதமே ஆளை உட்கார வைத்து வரைவதுதான். தாய்மாமன் எர்வின் பக்தாய் இந்தியவியல் அறிஞர், தானும் ஓவியம் பயின்றவர். 1926-ல் சிம்லா வந்தபோது அவர்தான், கற்பனையில் வரைந்துகொண்டிருக்காதே, கண் முன்னால் இருக்கிற மனிதரைப் பார்த்து வரை என்று இந்தப் பெண்ணைத் திருத்தினார். கண் முன்னால் இருந்தது யார்? வீட்டு வேலைக்காரர்கள். முதலாளி வீட்டுப் பெண் "அசையாமல் உட்கார்" என்றால் வேலைக்காரர் எந்த முகத்தோடு உட்காருவார்? அந்த முகம்தான் கடைசிவரை அவர் படங்களில் வருகிறது.

அப்புறம் பாரிஸ். முதலில் கிராந்த் ஷோமியேர் ஓவியப் பள்ளி, பிறகு எகோல் தெ போஸார் கலைக் கல்லூரி, லூசியான் சிமோனின் வகுப்பு. அங்கேயும் மாடல், மணிக்கணக்கில் ஒரே நிலை. 1932-ல் வரைந்த 'இளம் பெண்கள்' படத்துக்குத் தங்கைதான் ஒரு மாடல், சிநேகிதி இன்னொருவர். அதற்கு 1933-ல் தங்கப் பதக்கம் கிடைத்து, பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சி அமைப்பான கிராண்ட் சலோனில் அசோசியேட்டாகவும் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது வயது இருபது. அந்த இடத்துக்கு வந்தவர்களில் மிக இளையவர், ஒரே ஆசியர்.

ஆக, இந்தியா திரும்பி இரண்டு மூன்று வருடத்தில் சந்தைக் கூச்சலை வரைவார் என்று எதிர்பார்க்க முடியாது. கை பழகிய வழி வேறு.

பொய்கைச்சந்தை:
வாத்தியாரே, அதைத்தானே நானும் சொல்கிறேன். வேலைக்காரர் முகத்தை எடுத்து ஊர் முழுக்க ஒட்டிவிட்டார்.

ஆரணி_தறி:
முகத்தை விடுங்கள் அண்ணா, துணியைப் பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டுத்தறி. ஒரு படத்தைப் பார்த்தால் என் கண் முதலில் நிறத்துக்குத்தான் போகும்.

1935-ல் வரைந்த 'மூன்று பெண்கள்' படத்தில் மூன்று பேர் உடையும் மூன்று நிறம், ஆனால் ஒன்றை ஒன்று அடிக்காது. சாயம் போடுகிறவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையை வைத்தால் கண் கூசும். ஏதாவது ஒன்றைக் கொஞ்சம் மண்ணாக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் ஒரு கரை ஓட்ட வேண்டும். இவர் மண்ணாக்குகிற வழியைப் பிடித்திருக்கிறார். மூன்று பெண்களும் யாரையும் பார்க்கவில்லை, பேசவில்லை. அந்தத் துணி நிறங்கள்தான் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன. அந்தப் படத்துக்கு 1937-ல் பம்பாய் ஆர்ட் சொசைட்டியின் தங்கப் பதக்கம் கிடைத்தது.

தெற்கே போய் வந்த பிறகு அவர் வெள்ளையைக் கையில் எடுத்தார். 'பிரம்மச்சாரிகள்' படத்தில் வெள்ளை வேட்டிகள், பின்னால் செங்காவி. கறுத்த மேனி மேல் கோராத் துணி எப்படித் தெரியும் என்பதை ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ரவி வர்மா படத்தில் சரிகை மின்னும், நகை மின்னும். இவர் படத்தில் துணி துணியாகவே இருக்கிறது.

லாங்பஜார்_லட்சுமி:
ரவி வர்மா என்றதும் நினைவு வந்தது. நம் ஊர் வீடுகளில் ஓவியம் என்றாலே அவருடைய அச்சுப்படமும் அதன் வழி வந்த காலண்டரும்தான். சரஸ்வதி, லட்சுமி எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே கன்னம். அம்ரிதாவுக்கு அந்தப் படங்கள் அறவே பிடிக்காது, அபனீந்திரநாத் தாகூர் வழி வந்த வங்காள ஓவியப் பாணியும் பிடிக்காது. இரண்டையும் வெளிப்படையாகத் தாக்கினார். அதற்கான விலையையும் கொடுத்தார். ஹைதராபாத்தில் பெரிய கலைச் சேகரிப்பாளரான சாலார் ஜங் அவர் படங்களைத் திருப்பி அனுப்பினார். மைசூர் மகாராஜா இவர் படங்களை விட்டுவிட்டு ரவி வர்மாவையே எடுத்துக்கொண்டார். 1935-ல் சிம்லா கலைச் சங்கம் ஒரு பரிசு கொடுத்தது. அனுப்பிய படங்களில் சிலவற்றை நிராகரித்துவிட்டு இன்னொன்றுக்குப் பரிசா என்று அதை வேண்டாம் என்றே எழுதிவிட்டார். 22 வயதில்!

இப்போது விலையைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் 'கதைசொல்லி' 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. அன்றைக்கு இந்திய ஓவியம் எதுவும் அந்த விலைக்கு ஏலம் போனதில்லை. 2025-ல் எம்.எஃப். ஹுசைன் படம் ஒன்று அதைத் தாண்டியது.

பொய்கைச்சந்தை:
61 கோடிக்கு எத்தனை ஜோடி மாடு வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

கோட்டை_அகழி:
விலைப் பேச்சு வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், கூட்டத்திலும் அங்கேதான் தடம் மாறியது. ஒன்று மட்டும் சேர்த்துவிடுகிறேன். அவருடைய படங்களை நாட்டைவிட்டு வெளியே விற்க முடியாது. 1972-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்ட ஒன்பது ஓவியர்களில் ஒரே பெண் அவர்தான். அந்த ஒன்பதில் ரவி வர்மாவும் உண்டு என்பது வேடிக்கை.

தெற்குப் பயணத்தில் என்ன நடந்தது என்று யாராவது எழுதுங்கள்.

மலையாம்பட்டு_மலையடி:
நான் எழுதுகிறேன். இந்த விவாதத்தில் எல்லோரும் மக்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அம்ரிதாவை மாற்றியது மக்கள் இல்லை, சுவர்கள்.

1936 கடைசியில் பம்பாயில் கண்காட்சி. அங்கேதான் கார்ல் கண்டாலாவாலா அறிமுகமாகிறார், வழக்கறிஞர், கலை விமர்சகர், கடைசிவரை நல்ல நண்பர். பிறகு அஜந்தா, எல்லோரா. அங்கிருந்து தெற்கே இறங்கி கொச்சி, திருவனந்தபுரம், கன்னியாகுமரி. கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களில் இருக்கும் ராமாயண ஓவியங்களைப் பார்த்து ஆடிப்போனார். உட்கார்ந்து படி எடுத்தார்.

என்ன கற்றுக்கொண்டார்? பாரிஸில் கற்றது உடம்பை உருண்டையாகக் காட்டுவது. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், மூக்குக்கு ஒரு மேடு. சுவரோவியத்தில் அது கிடையாது. சுண்ணாம்புச் சாந்து காய்வதற்கு முன்னும் பின்னும் வேலை நடக்க வேண்டும், விளக்கு வெளிச்சத்தில் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். அதனால் கோடுதான் உருவத்தைத் தூக்கி நிறுத்துகிறது, நிறம் தட்டையாகப் பரவுகிறது. சிம்லா திரும்பியதும் 1937-ல் மூன்று பெரிய படங்கள் வரைந்தார்: 'மணப்பெண் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகிறவர்கள்'. மூன்றிலும் நிழல் ஏறக்குறையக் காணாமல் போயிருக்கிறது. ஆட்கள் நெடுநெடுவென்று ஒரு சுவரில் எழுதியது போல நிற்கிறார்கள். பொய்கை அண்ணனுக்குச் சத்தம் கேட்காததற்கு இதுதான் காரணம். அவர் அதைச் சந்தையாக வரையவில்லை, சுவராக வரைந்தார்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஆர்மாமலை குகை இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியம், சித்தன்னவாசலோடு சேர்த்துப் பேசப்படுவது. விதானத்தில் திசைக்காவலர்கள், தாமரைத் தடாகம். பெரும்பகுதி சாந்தோடு பெயர்ந்து விழுந்துவிட்டது, பெயர் கிறுக்கியவர்கள் கைங்கரியம் வேறு. மிச்சமிருக்கும் திட்டுகளில் கூட ஒரு செங்காவிக் கோடு எப்படி வளைந்து ஒரு தோளாகிறது என்று பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு 'பிரம்மச்சாரிகள்' படத்தைப் பாருங்கள்.

போளூர்ப் பக்கம் திருமலையிலும் சமண ஓவியங்கள் இருக்கின்றன, குந்தவை ஜினாலயம் இருக்கும் அதே மலை. பழைய வட ஆர்க்காடு முழுக்க இந்தச் சுவர்கள் உண்டு. நாம்தான் போவதில்லை.

ஓவிய_வாத்தியார்:
அருமை. ஒன்று சேர்க்கிறேன். சுவரோவியக்காரர் நீரில் கரைத்த நிறத்தில் வேலை செய்தார், இவர் தைல வண்ணத்தில். தைல வண்ணம் நிழலுக்காகவே பிறந்தது மாதிரி. மெதுவாகக் காயும், ஒன்றோடு ஒன்று இழையும். அதைக் கையில் வைத்துக்கொண்டு இழைக்காமல் விடுவது லேசான கட்டுப்பாடு இல்லை. பாரிஸில் பதக்கம் வாங்கித் தந்த திறமையை அவரே ஒதுக்கி வைத்தார். பாரிஸிலேயே கொகான், செசான் என்ற பிரெஞ்சு ஓவியர்களின் படங்களைப் பார்த்தவர் என்பதால் பாதிக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மீதியை அஜந்தா திறந்தது. அஜந்தாவின் ஒரு சுவரோவியம் ஐரோப்பாவின் மொத்த மறுமலர்ச்சிக் கால ஓவியத்தையும்விடப் பெரியது என்று அவர் எழுதியது கொஞ்சம் இளமை முறுக்கு என்றாலும், விளையாட்டுக்குச் சொன்னதில்லை.

சத்துவாச்சாரி_யமுனா:
சுவர், தைலம், எல்லாம் சரி. 'மணப்பெண் அலங்காரம்' பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே?

நடுவில் உட்கார்ந்திருக்கும் மணப்பெண் வெளுப்பு. சுற்றி அவளுக்குத் தலை வாருகிறவளும் மற்றவர்களும் கறுப்பு. இதைத்தான் நம் ஊர்க் கல்யாண மண்டப பேனரிலும் பார்க்கிறோம். பெண் சிவப்பு, வேலை செய்கிறவள் கறுப்பு. தென்னிந்தியா வந்து கறுப்பு நிறத்தைக் கொண்டாடினார் என்கிறார்களே, கொண்டாட்டம் நடுவில் உட்காரவில்லை, ஓரமாய் நிற்கிறது. 'பிரம்மச்சாரிகள்' படத்திலும் நடுவில் இருப்பவன் மற்றவர்களைவிட வெளுத்தவன்.

லாங்பஜார்_லட்சுமி:
யமுனா, நீ சொல்வது கண்ணுக்குத் தெரிகிறது, மறுக்க முடியாது. ஆனால் அந்த மணப்பெண் முகத்தைப் பார்த்தாயா? கைகளை விரித்து வைத்துக்கொண்டு, யாருக்கோ நடக்கிற அலங்காரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அந்த வெளுப்பில் ரத்தம் இல்லை. சுற்றி இருப்பவர்கள்தான் உயிரோடு இருக்கிறார்கள். கல்யாணப் பெண்ணை இப்படி வரைய ஒரு காலண்டர்க்காரனும் துணிய மாட்டான்.

சத்துவாச்சாரி_யமுனா:
அக்கா, அது ஒரு வாசிப்பு. நடுவில் வெளுப்பான உருவம் வைத்தால் கண் அங்கே போகும் என்பது வெறும் படக்கட்டுமானம் என்றுகூட வாத்தியார் சொல்லலாம். நிறத்தைப் பார்த்து ஆளை எடை போடுகிற ஊரில் அந்தக் கட்டுமானம் ஒன்றும் சும்மா வந்துவிடாது. பாட்டி நிறத்திலிருந்து என் நிறம் வரை பேச்சுக் கேட்டு வளர்ந்தவள் நான், அதனால் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை.

ஓவிய_வாத்தியார்:
சொல்லலாம் என்றுதான் இருந்தேன், யமுனா. இனி சொல்லவில்லை.

பாகாயம்_வார்டு:
நான் செவிலியர். கலை பற்றி அதிகம் தெரியாது. அவர் இறந்த விதம் பற்றி இணையத்தில் ஓடுகிற கதைகள்தான் எரிச்சல். கணவர் விக்டர் ஏகன், அம்மா வழி உறவினர், டாக்டர். 1938-ல் ஹங்கேரியில் கல்யாணம். லாகூருக்குக் குடிபோன சில மாதங்களில், கண்காட்சிக்குச் சற்று முன்பு, திடீர் நோய். கருக்கலைப்பு தவறி வயிற்று உறைச் சவ்வில் தொற்று என்று பலரும் சொல்கிறார்கள், அம்மா மருமகனையே குற்றம் சாட்டினார். பென்சிலின் கைக்கு வராத காலம். அந்தத் தொற்று அன்றைக்கு யாரையும் கொன்றிருக்கும், அரண்மனையோ குடிசையோ.

பெண் ஓவியர் என்றால் கடைசியில் எல்லோரும் காதல், கருப்பை, சாவு என்றே பேசி முடிக்கிறார்கள். டி.கே. பத்மினிக்கும் அதேதான். பொன்னானிப் பக்கத்துப் பெண், சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தவர், 1969-ல் பிரசவத்தில் போய்விட்டார், வயது 29 கூட நிறையவில்லை. பெயர் சொன்னால் உடனே "ஐயோ பாவம்" என்கிறார்கள். படத்தைப் பார்த்தவர் யார்?

கோட்டை_அகழி:
நன்றி சிஸ்டர். உரையில் சாவுக்கு ஒரு வரிக்கு மேல் இடமில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பத்மினிக்குத் தனிக் கூட்டம் போட வேண்டும்.

பொய்கைச்சந்தை:
எனக்கு இன்னும் பதில் வரவில்லை. மலையடி தம்பி சுவர் என்றார், ஒத்துக்கொள்கிறேன், அழகான விளக்கம். ஆனால் சுவரில் இருந்தவர்கள் போதிசத்துவரும் ராமரும். அவர்கள் அசையாமல் நின்றால் தகும். கூடை தூக்குகிறவனை போதிசத்துவர் மாதிரி நிறுத்தினால் அவனுக்கு மரியாதையா, அவன் வேலையை அழித்ததா? அவர் படத்தில் யாராவது வேலை செய்கிறார்களா? ஒன்று காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

மலையாம்பட்டு_மலையடி:
1940, 'மஞ்சள் அரைப்பவர்கள்'.

ஓவிய_வாத்தியார்:
முந்திக்கொண்டான் பையன்! அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் போய் இருந்த இடம் கோரக்பூர் பக்கம் சரையா. அப்பா வழிக் குடும்பத்துப் பெரிய பண்ணை, சர்க்கரை ஆலை. நம் அம்முண்டியிலும் கேத்தாண்டப்பட்டியிலும் ஆலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அரவைக் காலத்தில் ஊரே வேறு மாதிரி ஆகிவிடும், மற்ற மாதங்களில் தூங்கும். அந்த ஊரில் அவருக்குச் சலிப்பு தாங்கவில்லை, கடிதங்களில் அது தெரியும். ஆனால் வரைந்தது பாருங்கள்: பச்சைக் குளத்தில் குளிக்கும் யானைகள், முற்றத்தில் பெண்கள், கட்டிலில் படுத்திருப்பவள், ஒட்டகங்கள், மஞ்சள் அரைப்பவர்கள். கண்டாலாவாலா வழியாகவும் சொந்தத் தேடலிலும் முகலாயச் சிற்றோவியங்களுக்குள்ளும், இமயமலைப் பக்கத்துப் பசோலிச் சிற்றோவியங்களுக்குள்ளும் போயிருந்தார். படத்தில் ஆட்கள் சிறுத்துவிட்டார்கள். முன்னால் ஆள் படத்தை நிறைத்தார், இப்போது மரம், சுவர், மாடு, குளம் எல்லாவற்றுக்கும் நடுவில் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். யாரும் அவருக்காக உட்காரவில்லை.

1926-ல் வேலைக்காரரை உட்கார வைத்து ஆரம்பித்தவர், 1940-ல் அவர்கள் பாட்டுக்கு இருக்க விட்டார். நடுவில் இருப்பது தெற்குப் பயணம். 'சந்தைக்குப் போகிறவர்கள்' அந்த வழியில் ஒரு படி, முடிவில்லை. அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது. உட்கார வைத்தவர் முதலாளி என்பது மட்டும் கடைசிவரை மாறவில்லை. சரையாவில் அவர் பார்த்தது வீட்டு மாடத்திலிருந்து. யமுனா கேட்ட கேள்வி அங்கேயும் நிற்கும்.

ஆரணி_தறி:
மஞ்சள் அரைப்பவர்கள் படம் இப்போதுதான் தேடிப் பார்த்தேன். கட்டை மரங்கள் எவ்வளவு இருட்டு! அந்த இருட்டுக்கு நடுவே துணி நிறம் எரிகிறது. பாவு கறுப்பாகவும் ஊடை சிவப்பாகவும் ஓட்டினால் துணி திருப்பும்போது இப்படித்தான் ஒரு மினுக்கு வரும்.

பொய்கைச்சந்தை:
பார்த்தேன். குனிந்து அரைக்கிறார்கள், சரி. வாயை மூடிக்கொள்கிறேன் என்று சொன்னதால் இந்தப் படம் பற்றி மட்டும் மூடிக்கொள்கிறேன். சந்தைப் படம் பற்றி என் கருத்து அதே கருத்துதான்.

லாங்பஜார்_லட்சுமி:
அகழி சார், உரைக்கு எந்தப் படங்கள்? எல்லாவற்றையும் போட்டால் கூட்டம் கொட்டாவி விடும். மொத்தமே சுமார் 170 படங்கள்தான் என்றாலும். 1978-ல் தபால்தலையில் வந்த 'மலைப் பெண்கள்' வேண்டுமானால் சேருங்கள், பெரியவர்களுக்கு அடையாளம் தெரியும்.

கோட்டை_அகழி:
நான்கு போதும் என்று நினைக்கிறேன். 'இளம் பெண்கள்', 'மூன்று பெண்கள்', 'சந்தைக்குப் போகிறவர்கள்', 'மஞ்சள் அரைப்பவர்கள்'. அதே வரிசையில், பெயர் சொல்லாமல் முதலில் காட்டிவிட்டு ஐந்து நிமிடம் பேச விடலாம். ஆர்மாமலைக் கோட்டோவியம் ஒன்றை மலையடி தம்பி எடுத்து அனுப்பினால் மூன்றாவதற்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

அசல் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பெரும்பகுதி டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில், ஜெய்ப்பூர் ஹவுஸில். காட்பாடியில் ஏறினால் நேராக டெல்லி வண்டி இருக்கிறது. திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை.

சத்துவாச்சாரி_யமுனா:
'மணப்பெண் அலங்காரம்' பட்டியலில் இல்லை.

கோட்டை_அகழி:
ஐந்தாவதாகச் சேர்த்தாயிற்று. அதைப் பற்றி நீங்களே வந்து பத்து நிமிடம் பேசுங்கள், யமுனா. வாத்தியார் பதில் சொல்லட்டும்.

ஓவிய_வாத்தியார்:
முன்வரிசையில் உட்காருகிறேன். பதில் சொல்வதாக வாக்குத் தரவில்லை.

பொய்கைச்சந்தை:
கூட்டம் செவ்வாய்க்கிழமை வைக்காதீர்கள்.